படகுப் படத்தின் கீழ் அண்ணன் முகவரி

பழைய நாட்குறிப்பைத் தூசி தட்டியபோது ஒரு லேபிள் கீழே விழுந்தது. பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுவது. பின்பக்கத்துப் பசை தூளாக உதிர்ந்தது. முன்பக்கத்துப் படகு மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. படகு, பாகம் பிரிந்து தனித்தனியே பட்டாசுக் கம்பெனி நடத்திய அண்ணன் தம்பி இருவரில் தம்பி கம்பெனியின் முத்திரை. அதன் கீழே அச்சாகியிருப்பது அண்ணன் கம்பெனியின் முகவரி. அந்தத் தவறைச் செய்தவள் நான். தான் செய்ததாகச் சொன்னவள் நீ.

நீ இறந்துபோய்ப் பத்து மாதமாகிறது. இதைப் பற்றி நாம் ஒருநாளும் சரியாகப் பேசவில்லை.

விருதுநகரில் ஒன்றாகக் கல்லூரி முடித்தோம். சிவகாசியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில் நீ முதலில் சேர்ந்தாய். இரண்டு வருடம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் பதியவும் லேபிள் அடிக்கவும் ஒரு மென்பொருள். அதுதான் நம் பிழைப்பு. எல்லோருக்கும் பொதுவான மூலப் பிரதி சர்வரில் இருந்தது. ஒரு கம்பெனி தனக்கென்று மாற்றம் கேட்டால், மூலத்தைத் தொடாமல் அதற்கென்று ஒரு கிளை, அதாவது தனிப் பிரதி, பிரித்து அதில் செய்வோம். எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது, எதை மூடுவது என்பதெல்லாம் உன் பொறுப்பு. உன் விதி ஒன்றே ஒன்று: "பிராஞ்ச் பிரிச்சவக கிட்ட கேக்காம மெர்ஜ் பண்ணாத பிள்ள."

சீசன் நெருங்கியது. கிளைகள் பெருகிவிட்டன, குறையுங்கள் என்றார் முதலாளி. நீ கீழே டீ குடிக்கப் போயிருந்தாய். அண்ணன் கம்பெனியின் கிளையையும் தம்பியுடையதையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலைந்து வரிகளைத் தவிர எல்லாம் ஒன்று. இதற்கு எதற்கு இரண்டு? சேர்த்தேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் அண்ணனுடைய வரிகளை வைத்துக்கொண்டேன். யார் எதை மாற்றினார்கள் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக 'சுத்தம் செய்தேன்' என்று எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை தம்பி கம்பெனிக்காரர் லேபிளோடு மாடியேறி வந்தார்.

"ஏழு வருசம் கோர்ட்டுக்கு அலஞ்சு பாகம் பிரிச்சோம்யா! நீங்க ஒரே நாள்ல எங்களச் சேத்து வச்சிட்டீகளே! லாரி வாசல்ல நிக்கி. அவன் பேரப் போட்டு என் லோடு போகணுமாக்கும்?"

முதலாளி நம் பக்கம் திரும்பினார். "யாரு பாத்த வேல இது?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் சார், அவசரத்துல பண்ணிட்டேன்" என்றது உன் குரல்.

அரை மணி நேரத்தில் இரண்டு கிளைகளையும் பழையபடி பிரித்து வைத்தாய். பிறகு திருத்தங்கலில் தம்பி கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போய், பெட்டிகளில் ஒட்டிய லேபிள்களையெல்லாம் நாம் சுரண்டினோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சேந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. உன்னயன்னா இன்னைக்கே அனுப்பிருவாரு. என்னய வஞ்சிட்டு விட்டுருவாரு."

"பதிவுல என் பேருல்ல இருக்கு?"

"அதத் தொறந்து பாக்கவா போறாரு? பெட்டியச் சுரண்டு பிள்ள."

முதலாளி வைததோடு விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை கிளைப் பொறுப்பை உன்னிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். "புதுப் பிள்ள நிதானமான பிள்ள" என்றார். கிளைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்த நோட்டை என் மேசையில் வைத்தாய். அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே ஒரு வருடம் போனது. கல்யாணமாகி நீ கோவில்பட்டிக்குப் போய்விட்டாய்.

லேபிள் விழுந்த அன்று, பழைய பதிவேட்டின் நகலைத் தேடி எடுத்து முதன்முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் 'சுத்தம் செய்தேன்' அப்படியே இருந்தது. அதற்கு மேல், மறுபடி பிரித்தபோது நீ எழுதியது, ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: 'அண்ணன் வேற, தம்பி வேற. கேக்காம சேக்காதீங்க.' யார் சேர்த்தது என்று அதில் நீ எழுதவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். இப்போது வீட்டோடுதான் இருக்கிறார். முழுவதையும் சொன்னேன்.

"இம்புட்டு வருசம் கழிச்சு ஏம்மா சொல்லுதீக?"

"அவ போயிட்டா சார்."

பிறகு சொன்னார்: "அதுக்கப்புறம் அந்தப் பிள்ளகிட்ட நான் முகங்குடுத்தே பேசலயேம்மா."

அது எனக்குத் தெரியும். அடுத்த மேசையில் உட்கார்ந்து தினமும் பார்த்தவள் நான்தானே.

இன்று வேறொரு பெரிய அலுவலகத்தில் மென்பொருளின் எத்தனையோ கிளைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எதைச் சேர்ப்பதானாலும் பிரித்தவரின் இடத்துக்கு நடந்து போய்க் கேட்கிறேன். நாற்காலி காலியாக இருந்தால், கீழே டீ குடிக்கப் போயிருப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.