எரியாத வெள்ளை

திருகோணமலை,
ஓகஸ்ட் 12.

அன்பின் அத்தானுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். அந்தக் கட்டார் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் மறித்து உங்கள் கதையைத் தொடங்குவீர்கள். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் நிப்றாஸ் தம்பியின் கையில் கொடுத்து விடுகிறேன். கூடவே மூன்று படங்கள் இருக்கின்றன. வாசித்த பிறகு பாருங்கள்.

ஸ்டூடியோவைப் பூட்டச் சொன்னீர்கள். ஹோட்டல் கல்யாணங்களைக் கொழும்புக்காரர் அள்ளிக்கொண்டு போகிறார்கள், நீ அடையாள அட்டைப் படம் எடுத்து எத்தனை நாளைக்குச் சமாளிப்பாய், நான் இங்கே கம்பனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கிறேன் என்றீர்கள். என் மறுமொழியை இப்போது சொல்கிறேன். பூட்டவில்லை.

நிலாவெளி ஹோட்டல் மனேஜர் றம்ஸானிடம் நானாகவே போனேன். நம் கோயில் பிள்ளை தர்ஷனாவின் கல்யாணத்தைக் கொழும்புப் படக்காரத் தம்பியும் எடுக்கட்டும், நானும் எடுக்கிறேன், யாருடையது நல்லதோ அவருக்கு இந்தச் சீசன் கல்யாணங்களைக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, சரியக்கா, தோத்தா இந்தப் பக்கம் வரப்படாது என்றார்.

மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து கடற்கரைக்கு வர உச்சி வெயில். வெள்ளை மணல், வெள்ளைக் கவுன், மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட். கவுனின் லேஸ் முழுவதும் தர்ஷனா தன் கையால் பின்னியது. கனடாவிலிருந்து வந்த அவளுடைய பெரியப்பா, வெயிலைப் பார்த்து நில்லுங்கோ, அப்பத்தான் முகம் வெளிக்கும் என்று எல்லாரையும் திருப்பினார். நம் ஊர்ப் பழக்கம் கனடா போயும் மாறவில்லை. கண்கள் சுருங்கி, மூக்கு நிழல் மீசை மாதிரி விழுந்தது. கொழும்புத் தம்பி அதற்கு மேலும் விளக்கு அடித்தார்.

நானும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். அதுதான் முதல் படம். வெளிச்சம் கூடி, ஒன்றும் பதியாமல் வெள்ளை எரிந்த இடம் கமராத் திரையில் மின்னும். கவுன் முழுக்க மின்னியது. இருட்டிப்போனதைப் பிறகு கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கலாம். எரிந்த வெள்ளையை ஒருவராலும் மீட்க ஏலாது. கவுனைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்தாலோ முகங்கள் கரியாகின்றன.

அப்போதுதான் கரைவலைக்கார வீரக்குட்டி அண்ணனின் மீன் வாடி, அந்தத் தென்னோலைக் கிடுகுக் கொட்டில், கண்ணில் பட்டது. மேலே கூரை, முன்னால் பளீரென்ற மணல். அந்த மணலே நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி எறிந்துகொண்டிருந்தது. பொம்பிளை மாப்பிள்ளையை அங்கே கூப்பிட்டேன். பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, மீன் வாடிக்குள்ளயோ பிள்ளையை நிப்பாட்டுறது, நாங்கள் என்ன சூடை மீன் விக்க வந்தனாங்களோ என்று துள்ளினார். வீரக்குட்டி அண்ணன் கூடைகளை ஒதுக்கியபடியே, ஐயா, படம் மணக்காது என்றார்.

தர்ஷனா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாள். கூரை நிழலுக்குச் சற்று உள்ளே, கடலைப் பார்க்க நிறுத்தினேன். கமராவின் வெளிச்சத்தைக் கவுனின் வெள்ளைக்கு அளவு வைத்தேன். ஒரு இடமும் மின்னவில்லை. முகங்களும் தெளிவு. இரண்டாவது படம் அது.

சாப்பாட்டு மண்டப டீவியில் றம்ஸான் இரண்டு பேருடையதையும் போட்டார். கொழும்புப் படத்தில் கவுன், வெட்டி ஒட்டிய கடதாசி. என்னுடையதில் லேஸின் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. தர்ஷனா எழும்பிப்போய்த் திரையில் விரலை வைத்து, இந்தப் பூவை மூண்டு தரம் அவிட்டுப் பின்னினனான் என்று மாப்பிள்ளைக்குக் காட்டினாள். மண்டபமே கை தட்டியது. பெரியப்பா மெல்லக் கிட்ட வந்து, தன்னையும் வாடிக்குள் ஒன்று எடுக்கலாமோ என்று கேட்டார். மூன்றாவது படத்தில் பல் தெரியச் சிரிப்பவர் அவர்தான்.

சீசன் முழுக்க எனக்கே. கொழும்புத் தம்பி போகும்போது, என்ன லைற் பாவிச்சனீங்கள் அக்கா என்று கேட்டார். நல்ல பிள்ளைதான், ஆனாலும் சொல்லவில்லை. கொழும்பு றோட்டில் கந்தளாய் தாண்டும் வரைக்கும் யோசித்துக்கொண்டு போகட்டும்.

ஆகவே அத்தான், கம்பனிக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். இங்கே பிழைக்கலாம். கூடமாட வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு நிரோஷினி நாளைக்கே வருவாள். அதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. வாருங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சீலா