கேட்டில் எர்த் இல்லை

மேசை மேல் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று கிடக்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய். அதில் வாயை வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும்வரை முக்கி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். என் இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும்போது அதை அடக்க டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி. இன்று காலையும் அப்படித்தான் கிடந்தேன், காலைச் சுவரில் சாய்த்துக்கொண்டு.

முதல் தடவை வந்தது அச்சகத்தில். காலண்டர் சீசன், மெஷினின் பேனலைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ கழன்று தனியாக ஓட ஆரம்பித்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். பாடியில் கரண்ட் கசிகிறது என்று மெயினை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க மீட்டரை வைத்து எர்த் வயரைச் சோதித்தேன். மெஷின்மேன் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மெஷினு நின்னு நேரமாச்சு தம்பி. ஒங்க சட்டைதான் இன்னும் ஆடுது.”

லோடு ஆட்டோவில் காலண்டர் கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்ததும் டாக்டரம்மா ஓர் ஊசி போட்டார். “ஒரு மாதிரி இருக்கும், பயப்படாதீக.” போட்டதும் எல்லாம் நின்றது. ஒரே ஒரு கணம் உள்ளே சத்தமே இல்லை. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் நிதானமாக அடித்தது. அந்த ஒரு கணம் உனக்கும் இப்படித்தான் இருந்ததா என்று அங்கேயே கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது?

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். “அவ நெனப்புதாம்லே ஒன்னய இந்தப் பாடு படுத்துது.”

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பியதில் ஒரு நிம்மதி இருந்தது. போன பங்குனியில் தலைவலி என்று நீ படுத்தாய். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் நீ இல்லை. உன்னைக் கொண்டுபோன அன்று என் இதயம் ஒழுங்காகத்தான் அடித்தது. பசிக்கக்கூடச் செய்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதனால் இதுதான் என் அழுகை, தாமதமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அந்த நிம்மதியையும் எடுத்துவிட்டார். “துக்கத்துல வர்ற நோய் இல்ல இது. கரண்ட் போறதுக்கு ஒங்க இதயத்துல பிறந்ததுலேருந்தே கூடுதலா ஒரு வழி இருக்கு. சில நேரம் கரண்ட் அதுலயே சுத்திக்கிட்டுக் கிடக்கு. நீங்க எலக்ட்ரிக்கல் படிச்சவுகதான, ஒங்களுக்குப் புரியும்.” மதுரையில் தொடை வழியாக ஒரு வயரை நுழைத்து அந்த வழியைச் சுட்டுவிடுவார்களாம். அநேகமாகத் திரும்ப வராதாம்.

புரிந்தது. அதனால்தான் குழப்பம். நீ என் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தபோதும் அந்த வழி அங்கேதான் இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் சும்மா இருந்துவிட்டு, நீ போனபின் ஏன் வந்தது? நீ போனபிறகு எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான். அதையும் சுட்டுவிட்டால் மிச்சம் என்ன? அம்மா தினமும் கேட்டாள், நான் மதுரைக்கு நாள் குறிக்கவே இல்லை.

இன்று காலை சிரிஞ்சை ஊதும்போது ஒன்று தெரிந்தது. அது ஓடும்போது நீ வருவதே இல்லை. உன் முகத்தை நினைக்கப் பார்த்தேன், பயம் மட்டும்தான் இருந்தது. ஓட்டம் சட்டென்று நின்று, மூச்சு அடங்கிய பிறகுதான் நீ வந்தாய்.

கம்பெனி வேனிலிருந்து இறங்கி, நம் வீட்டு இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாய். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தொடுவாய்.

“இது சிமெண்டுல நிக்கிற கேட்டு. பெயிண்ட் வேற அடிச்சிருக்கு. இதுல எர்த்தே கெடையாது” என்றேன் ஒருநாள்.

“தெரியுங்க. தொடாம உள்ள வந்தா நானே வெடிச்சிருவேனோன்னு இருக்கு.”

“அப்ப மண்ணுல ஒரு ராடு அடிச்சு வயர் இழுத்துத் தாரேன்.”

“ஆமா, பாத்ரூம் லைட்டையே இன்னும் மாட்டித் தரல. வந்துட்டாக எர்த் போட.”

தரையில் கிடந்தபடியே மதுரைக்குப் போன் செய்து வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். போன் எடுத்த பெண், நகை, மோதிரம் எதுவும் போட்டு வரக்கூடாது என்றாள். மருந்து அறைக்குப் போகுமுன் நீ கழற்றிவைப்பாயே, அதுபோல.

சரியான முடிவுதானா, தெரியவில்லை. எழுந்து மீட்டரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஒரு முனையைக் கேட்டில் வைத்தேன், மறுமுனையை மண்ணில். முள் அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும்.

மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கேட்டில் அழுத்தினேன். வெயிலில் சுட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.