கம்பியில் பழுதில்லை

அம்மணி,

போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்து உங்கள் ரேடியோ செட்டுப் பெட்டியை என் வீட்டில் இறக்கி வைத்தார். "ஊட்ல இதைப் பாத்துக்கிட்டே இருக்க முடியலீங்க டீச்சர்" என்றார். வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். அவர் போனதும் மூடியைத் திறந்தேன். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் பசை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. எல்லோரும் இந்த மாதிரி நேரத்தில் அழுவார்களாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பெட்டிக்குள் அந்த வாசனை ஏன் அவ்வளவு இருக்கிறது என்பது எனக்கல்லவா தெரியும்.

உங்கள் பெண் என் வகுப்பில் படித்ததால் வந்த பழக்கம் நமக்கு. எழுபதுகளின் கடைசியில் நீங்கள், வீட்டிலிருந்தே காற்றில் வெளியூர்க்காரர்களோடு பேச அனுமதி தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதிப் பாஸ் செய்தீர்கள். லைசென்ஸ் உங்கள் பேரில். காற்றில் உங்கள் பெயராக அரசாங்கம் கொடுத்த எழுத்துகள், அந்தக் கால்சைன், அதுவும் உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக்கு வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய்விடுவார். "அவரு எங்கியோ பாறையத் தொளச்சுக்கிட்டிருக்காரு, நான் இங்க காத்தத் தொளைக்கிறனுங்க டீச்சர்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

ராசிபுரத்துத் தோட்டத்து வீட்டில் கிணற்று மோட்டார் ஓடினால் செட்டில் ஒரே இரைச்சல். அதனால் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பனமரத்துப்பட்டி ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தோம். லாரி பேட்டரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போவோம். கல்லில் சணல் கட்டிப் புளியமரக் கிளைக்கு மேலே வீசுவீர்கள். கூடவே ஏரியல் கம்பி ஏறும். கூட்டம் கூடிவிடும். "ஏனுங்க, படம் புடிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க, மீன் புடிக்கிறோம்" என்றீர்கள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். மதுரையிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர் என்று பதில் வரும்போது அந்தக் கூட்டத்தை நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள் பாருங்கள், அது எனக்கு மறக்காது.

பிறகு ஒரு நாள் பதில் வருவது நின்றுபோயிற்று.

ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்று பொறுத்தீர்கள். ஏரியலில்தான் கோளாறு என்று முடிவு செய்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் மனிதர்களைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ரேடியோக்காரருக்குக் கம்பி மேல்தான் முதல் சந்தேகம். எல்லா இணைப்பையும் பிரித்து மறுபடி ஈயம் வைத்தீர்கள். கேபிளை மாற்றினீர்கள். மரத்தை மாற்றினீர்கள். கையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல்; நீங்கள் மட்டும் ஏரிக்கரைக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் படுத்தபடி கேட்க மட்டும் உதவுகிற என் ரிசீவரில் உங்களைத் தேடினேன். கிடைத்தீர்கள். பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல அத்தனை சுத்தமான குரல். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் அலைவரிசைக் குமிழைக் கொஞ்சம் மேலே திருகினேன். அங்கே பேசிக்கொண்டிருந்தார் சேலத்துப் பெரிய மனிதர், காற்றில் எல்லோரும் அண்ணா அண்ணா என்று கும்பிடுகிற ஆள். "கீழ ஒரு பொம்பள கூப்பிட்டுக்கிட்டிருக்கு. கள்ள ஸ்டேஷன். யாரும் பதில் குடுக்காதீங்கப்பா" என்றார். "சரிங்கண்ணா" என்றன நாலைந்து குரல்கள். லைசென்ஸ் பட்டியலைப் புரட்டிப் பார்க்க ஒருவனுக்குக் கை வரவில்லை, அம்மணி! பெண் குரல் கேட்டால் கள்ளக் குரல். அவ்வளவுதான் இவர்கள் படித்த படிப்பு.

மறுநாள் உங்களிடம் சொன்னேன். குதிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ கொப்புளக் கையைப் பார்த்துக்கொண்டே, "அப்பக் கம்பி நல்லாத்தான் இருக்குதுங்களா டீச்சர்?" என்று கேட்டீர்கள். முதலில் உங்களுக்கு நிம்மதிதான் வந்தது.

மழைக்காலத்தில் வண்டியோடு ஊர் திரும்பிய உங்கள் வீட்டுக்காரர், "நான் வேணா உன்ற கால்சைனச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா? ஆம்பளக் குரலுக்குப் பதில் வருமில்ல?" என்றார். பாவம், நல்ல மனசோடுதான் கேட்டார். "லைசென்ஸு எம்பேர்லதானுங்க இருக்குது" என்றீர்கள். எழுந்து போய்க் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டீர்கள்.

அந்தச் சேலத்துப் பெரிய மனிதரை நான் ஒரு ரேடியோக்காரர்கள் கூட்டத்தில் பிடித்துக் கேட்டேன். "தெரியாம நடந்துபோச்சும்மா. ஆனாலும் பொம்பளைங்களுக்கு எதுக்கு வெயில்ல இந்த வேலை?" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அந்தக் கோபத்தில்தான் நானும் பரீட்சை எழுதினேன். என் லைசென்ஸ் வந்ததும் உங்களிடம் ஓடி வந்தேன். "ரெண்டு பேருமாப் போலாங்க டீச்சர், அவரு வண்டி வரட்டும்" என்றீர்கள். வண்டி வருவதற்குள் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்த இடத்தில் ஒருவர்கூட உங்களை ரேடியோக்காரி என்று சொல்லவில்லை. ரிக்கு வண்டிக்காரர் சம்சாரம் என்றார்கள்.

இன்று காலை பூங்காவுக்குப் போனோம், நானும் உங்கள் வீட்டுக்காரரும். அவர்தான் கல்லை வீசினார். மூன்று தடவை தப்பி நாலாவதில் கிளையில் மாட்டியது. என் கால்சைனில் கூப்பிட்டேன். முதல் பதில் யாரிடமிருந்து என்கிறீர்கள்? அந்தச் சேலத்து ஆளேதான். இப்போது ஒன்றிரண்டு பெண்கள் பேச வந்துவிட்டார்களாம், பெருந்தன்மை முளைத்துவிட்டது. "வணக்கம்மா, ரொம்பத் தெளிவாக் கேக்குது. ஏரியல் பிரமாதம். கட்டுனது யாரு, வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வெச்சது இவங்க" என்று உங்கள் கால்சைனைச் சொன்னேன். "கள்ள ஸ்டேஷன், யாரும் பதில் குடுக்காதீங்கன்னு சொன்னீங்களே, அவங்க."

"கால்சைன் சரியாக் கேக்கலம்மா" என்றார். இப்போதுதானே தெளிவு என்றார்! ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "எழுதிக்கிட்டுத் திருப்பிப் படிங்க ஐயா" என்றேன். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது, ஒருவரும் குறுக்கே வரவில்லை. அவர் படித்தார். உங்கள் பெயர் அந்த வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் முறை.

மனசு குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை, அம்மணி. உங்களுக்கு வராமல்போன கோபத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.

பேட்டரி பக்கத்தில் குந்தியிருந்த உங்கள் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நான் மைக்கை எடுத்தேன்.