தொட்டியில் தூங்கிய மகளுக்கு

அன்பு மகள் மினோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக டோக்கியோ போய்ச் சேர்ந்தேன் என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தோம். இங்கே பனி கூரையை விட்டு இறங்குவேனா என்று உட்கார்ந்திருக்கிறது, அப்பா தினமும் ஏணி வைத்து ஏறித் தள்ளுகிறார், முதுகு போச்சு முதுகு போச்சு என்று முனகுகிறார், சாப்பாட்டில் மட்டும் குறை வைப்பதில்லை. நாங்கள் இருவரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் கை வரவில்லை. நீ போனதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது மினோரி. போனில் சொன்னால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

புத்தாண்டுக்கு நீ வந்து இறங்கியபோதே ரயில் நின்றும் எழுந்திருக்கவில்லை, கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டாராம், அதையும் ஏதோ சாதனை மாதிரிச் சொன்னாய். அன்றைக்கே பக்கத்து வீட்டு ஹமதா அம்மாள் உன்னைப் பார்க்க வந்தாள். நீ கணப்பு வைத்த சூட்டு மேசைப் போர்வைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். எவ்வளவு உழைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இப்படித் தூக்கம் வரும், இப்படி ஒரு மகளைப் பெற நீ கொடுத்துவைத்தவள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆபீஸ் மேசையில் கண் அசந்தால் உன் மேலாளரும் அதே மாதிரி மெச்சிக்கொள்கிறார் என்று நீ சொன்னாயே. நானும் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். ஆனால் இரண்டு நாள் பகலும் இரவுமாகத் தூங்கி எழுந்த பிறகும் உன் முகம் வந்தபோது இருந்த மாதிரியேதான் இருந்தது. மோச்சிக் கொழுக்கட்டை சூப் குடிக்கும்போது சாப்பாட்டுக் குச்சி கைதவறி விழுந்ததற்கு அழுதாய். டிவி போடட்டுமா என்று அப்பா கேட்டதற்குச் சீறி விழுந்தாய், பிறகு நூறு தடவை மன்னிப்புக் கேட்டாய், அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. உன் போன் அதிர்ந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, எடுத்துப் பார்த்தால் ஏதோ கடை விளம்பரம். என்னடி இது என்று கேட்டால், ராத்திரி நாலு மணி நேரம், மிச்சம் ரயிலில், எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் என்றாய்.

நீ குளிக்கப் போன அந்தச் சாயங்காலம் நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. நாம் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் குளியல் தொட்டியில் முதல் தண்ணீரை அப்பா இத்தனை வருஷத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, உன் அண்ணன் கல்யாணத்தன்றுகூட அவர்தான் முதலில் இறங்கினார். அன்றைக்கு உன்னைப் போகச் சொன்னார். தன் முறைக்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாகியும் உன்னைக் காணவில்லை. கூப்பிடட்டுமா என்றதற்கு, தன் முறைக்காகப் பிள்ளையை விரட்டுகிற மாதிரி ஆகிவிடும், நன்றாக ஊறட்டும், கதவைத் தட்டாதே என்றார். உனக்கு மாற்று உடை எடுத்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்துதான் நான் உள்ளே போனேன், இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன். உன் வாய் தண்ணீருக்குள் இருந்தது மினோரி. மூக்கு மட்டும்தான் வெளியே. தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன், எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அப்போது நீ என்ன சொன்னாய் தெரியுமா? கண்ணைத் திறக்காமலே, "மன்னிச்சிடுங்க சார், இதோ முடிச்சு அனுப்பிடுறேன்" என்றாய். உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல், பெற்ற தாய் கையில் கிடந்துகொண்டு, மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டாய். பிறகு கண்ணைத் திறந்து, அட அம்மாவா என்று சிரித்தாய். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதைத்தான் நான் வழுக்கி விழுந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனபோது இகராஷி டாக்டரிடம், தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி இப்படி என்று விசாரித்தேன். தூக்கம் குறையக் குறையச் சின்ன விஷயம்கூட மலையாகத் தெரியும், எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பில் கிடைக்கிற கொஞ்ச நேரமும் தூக்கம் பிடிக்காது, ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும் என்றார். மாசக்கணக்கில் கெட்டதை ரெண்டு நாள் படுத்துச் சரிக்கட்ட முடியாதாம். "நாம குடுக்கலேன்னா ஒடம்பு தானே எடுத்துக்கும்மா, ரயிலா தொட்டியான்னு அது பாக்காது" என்றார். கடைசியில் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே, உங்கள் மகள் எப்போது டோக்கியோ திரும்பினாள் என்று கேட்டார். ரயிலில் உனக்குப் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். அந்தத் தீப்பெட்டி வீட்டில், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தொட்டியில் இறங்குகிறாயே, அங்கே யார் இருக்கிறார்கள்?

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத அப்பா விடவில்லை. அது அவள் இஷ்டம் என்கிறார். ஆனால் அவரும் நன்றாக இல்லை. அன்றைக்குத் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டவர்தான், அதன்பிறகு தொட்டியில் இறங்கவே இல்லை. முதுகு வலியில் காலைத் தூக்க முடியவில்லை என்கிறார், கூரை ஏற மட்டும் முடிகிறது. "துண்ட போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வேலை நாளில் தொட்டியை நிரப்பாதே, நின்றபடி ஊற்றிக்கொண்டு வந்துவிடு என்றுதான் நான் எழுத நினைத்திருந்தேன். அவள் கேட்க மாட்டாள் என்று அப்பா நேற்று தன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் போன் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கே கதவு இடுக்கில் குளிர் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். "தொட்டியில எறங்கறப்ப போன் போடச் சொல்லு. பேச வேண்டாம், தண்ணிச் சத்தம் கேட்டா போதும். சத்தம் நின்னா நான் கத்துவேன்" என்றார். நீ எந்நேரத்துக்கு வீடு திரும்புகிறாய் என்பது அவருக்குத் தெரியும், அதுவரை விழித்திருப்பாராம். விடியும் முன்பே பசுமைக்குடிலுக்குப் போக வேண்டியவர், எழுபது தாண்டியவர். திட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றிவிட்டு இதை முடிக்கிறேன். ஊறுகாய் தனியாக அனுப்பியிருக்கிறேன், ஹமதா அம்மாள் கொடுத்த காய்ந்த சீமைப்பனிச்சைப் பழமும் அதில் இருக்கிறது. உனக்காக நீ ஆபீஸை விட்டுச் சீக்கிரம் கிளம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். அப்பாவுக்காகக் கிளம்பு. நீ குளித்து முடிக்கிறவரை அவர் தூங்க மாட்டார்.

உன் அம்மா,
தொமோயோ