நம் தொண்டையில் தங்கிய விருந்தாளி

இன்று பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றேன். ஐஸ் கரைந்து முடிந்ததும் வெறும் மரக்குச்சி நாக்கில் பட்டது. அந்தக் காய்ந்த மரச்சுவையில் நீ என் எதிரே வந்து நின்றாய், கையில் டார்ச்சோடு. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கோ அந்தக் குச்சியை எறிய மனம் வரவில்லை.

தக்கலையில் நாம் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பாட்டு டீச்சர், நீ லேப் டெக்னீஷியன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊருக்கு இருந்த கவலை நமக்கு இருந்ததில்லை. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிருமி, நோயில்லாத பிள்ளைகளின் தொண்டையிலும் சும்மா தங்குமாம். எந்தப் பிள்ளைகளிடம் அதிகம் தங்குகிறது என்று பார்க்க ஒரு குழு என் பள்ளிக்கு வந்தபோது அதில் நீயும் இருந்தாய்.

வீட்டில் ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், அப்பா உள்ளே பீடி பிடிப்பாரா, போன வாரம் சளி இருந்ததா, அடுத்தவர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பாயா என்றெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டாய். பிறகு டார்ச் அடித்து, மரக்குச்சியால் நாக்கை அமுக்கி, பஞ்சை உள்ளே விட்டு எடுத்தாய். பிள்ளைகள் ஓக்காளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

முடிவு வந்தபோது என் பாட்டுக் குழுவில்தான் அதிகம் இருந்தது. குரல் தெளிய வேண்டும் என்று, பாடும் முன்னால் கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர், நம் ஊர்ச் சுக்குவெள்ளம், ஒரே டம்ளரில் வரிசையாகக் கைமாறும். நாமும் சிறுவயதில் இதே பள்ளியில் அந்த வரிசையில் நின்று குடித்தவர்கள்தானே. தொண்டைக்கு நல்லது என்று குடித்ததிலேயே கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கலாம் என்றாய். மறுநாள் பிள்ளைகள் வாய் திறந்தபோது எனக்குப் பாட்டே கேட்கவில்லை. சிவந்த குழிகள்தான் தெரிந்தன. நல்ல குரல்காரி ஒருத்தி மேலே ஏறிப் பாடும்போது, உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

விளையாட்டாக நம் தொண்டைகளிலும் எடுத்துப் பார்த்திருந்தாய். இருவரிடமும் இருந்தது. நான் பயந்துபோனேன்.

"பேடிக்காத மக்கா. வரும், கொஞ்ச நாள் கெடக்கும், போவும். இது நோயில்ல" என்றாய்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன்.

"ஒரே கிளாசுல சாயா குடிக்கவளுவ கேக்குத கேள்வியாட்டி இது?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீ பேசும்போதெல்லாம் உன் வாயையே பார்த்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, தலை இடிக்கிறது என்றாய். மத்தியானம் கழுத்தைக் குனிய முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் உன் காலில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, நோயின் பெயரை நீயேதான் சொன்னாய். மறுநாள் நீ இல்லை. நம்மிடம் இருந்த அதே கிருமியா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், புதிதாக வந்ததாகவும் இருக்கலாம் என்றார். உன்னைக் கொன்றது என்னை ஏன் விட்டுவைத்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கூட இருந்தவள் என்பதால் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். தொண்டையில் இருப்பதை அது அழித்துவிடும். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் உடம்பு குளிர்ந்துவிட்டது. உன்னிடமிருந்து வந்த ஒன்று எனக்குள் உயிரோடு இருந்தது. நான் பாடினால் அது பிள்ளைகளுக்குப் போகும். விழுங்கிவிட்டேன். அடக்கத்தின்போது அழுதேன், வெள்ளைக் கைக்குட்டை காவி நிறமானது. அந்த மாத்திரை தின்றால் கண்ணீர் அப்படித்தான் வரும் என்று நர்ஸ் பிறகு சொன்னார். ஆனால் அடக்கத்தில் பக்கத்தில் நின்ற உன் அக்கா அந்தக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, நோய் எனக்கும் வந்துவிட்டதென்று நினைத்தோ என்னவோ, விலகிப் போனாள்.

இப்போது என் தொண்டையில் ஒன்றும் இல்லை, பரிசோதித்தாயிற்று. பிள்ளைகளுக்கும் தனித்தனி டம்ளர் வந்துவிட்டது. ஆனாலும் பாட்டு வகுப்பில் வாய்கள் திறக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எந்தப் பிள்ளையிடமும் அது இருந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதே நெஞ்சுதான், ஏதாவது ஒரு தொண்டையில் நம்முடையது இன்னும் மிச்சம் இருக்காதா என்றும் தேடுகிறது. ஒரு டீச்சர் நினைக்கக் கூடாத நினைப்பு இது. உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?