ஐம்பத்திரண்டு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஆயுள் ஐம்பத்திரண்டோடு சரி என்று ஜோசியர் சொன்னதால் கல்யாணம் வேண்டாமென்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன்.

நேற்று பள்ளி விடுமுறை. சுகாதாரக் கணக்கெடுப்புக்கு என்னை மலைக்கிராமத்துக்கு அனுப்பினார்கள். எத்தனை வயது வரை வாழ ஆசை என்றும் தாளில் ஒரு கேள்வி இருந்தது. சடையன் என்கிற பெரியவரிடம் கேட்டேன்.

"இவ போன மறுநாள் வரைக்கும்."

சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லி நிமிர்ந்தாள். "அந்த ஒரு நாளு இன்னாத்துக்கு?"

"நிம்மதியா கஞ்சி குடிக்க."

"யாரு காச்சுவா?"

சடையன் என் தாளை எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, அத்த அடிச்சிட்டு, இவ போறதுக்கு மொத நாளுன்னு எழுதிக்கோங்க."

"அப்ப எனக்கு ஒரு நாளு சேத்துப் போடுங்க. நானாச்சும் நிம்மதியா குடிக்கிறேன்" என்றாள் செல்லி.

எண்ணாகத்தான் எழுத வேண்டுமாம். இருவருக்கும் தங்கள் வயதே தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அதே ஜோசியர் எனக்கு நாற்பத்தெட்டு என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். உங்களுக்கு இப்போது இருபத்தேழு, எனக்கு இருபத்துநான்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்தான் ஒரு வருடம் முன்னால் போகிறேன்.

அந்த ஒரு வருடம் தனியாக இருக்கச் சம்மதமா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அதுவரை உங்களோடு இருக்க நினைப்பவள்