நீலம் நின்னுச்சா?

செப். 30, செவ்வாய்
புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டி ஏமாத்துது. லேப் ஏசி சொட்டுது, கீழ வாளி.

காலைல மைக்ராஸ்கோப்போட சூடேத்துற தட்டுல, ஹாட் ஸ்டேஜ்ல, என் திரவப் படிகக் கலவை. கொஞ்சம்தான் மிச்சம். மெதுவா ஆற விட்டேன். மைக்ராஸ்கோப்ல கட்டம் கட்டமா நீலம். சூடு இறங்க இறங்க பச்சை; நிறம் எதுவானாலும் இந்த நிலைக்குப் பேரு நீல நிலைதான். அழகுதான், யார் இல்லேன்னாங்க. ஆனா சூடு ஏத்துறப்ப வந்த வேகத்துல காணாமப் போற நீல நிலை, ஆறுறப்ப மட்டும் இவ்வளவு தூரம் வருதுன்னா சந்தேகம். நிஜமாவே நிலைக்குதா, மாற நேரமில்லாம ஒட்டிக்கிட்டிருக்கா? சூட்டை ஒரே அளவுல பிடிச்சு வச்சு நாள் முழுக்கப் பார்த்தாத்தான் தெரியும். தீசிஸே இதுலதான்.

பிடிச்சு வச்சேன். டீ குடிக்கப் போனேன். போயிருக்கவே கூடாது.

திரும்பினா லேப்ல ஆயுத பூஜை. நாளைக்கு லீவாம், அதனால இன்னிக்கே. கைடு சார் மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டார். "கருவிக்கும் ஓய்வு வேணும்மா." அதோட விட்டாரா? எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு. மைக்ராஸ்கோப்புக்கு எங்கே? லென்ஸ்லயே!! இவர் எப்படி பேராசிரியர் ஆனார்? கலவை உறைஞ்சு போச்சு. பொரியை வாங்கிக்கிட்டேன்.

அக். 1, புதன்
வீடு. பாத்திரம் தேய்ச்சேன், சத்தமா. "சார் மேல இருக்கற கோவத்தை என் குக்கர்ல காட்டாதே"ன்னா அம்மா.

அப்பா நேத்து கொள்முதல் நிலையத்துலேர்ந்து நெல்லைத் திருப்பிக் கொண்டாந்துட்டார். ஈரம் ஜாஸ்தின்னு மெஷின் காட்டுதாம். அம்மா: "அந்த மெஷினுக்குப் பூஜை கிடையாதா? அதையும் அணைச்சுத் தொலைக்கறதுதானே." சிரிச்சுட்டேன். கோபம் போகல.

அக். 3, வெள்ளி
லென்ஸ் துடைக்கவே மதியமாச்சு. ஸ்பிரிட், பஞ்சு, கெட்ட வார்த்தை. மறுபடி உருக்கி, ஆற விட்டு, அதே சூட்டுல பிடிச்சேன். டீ கிடையாது. ஸ்விட்ச் பக்கம் யாரையும் விடல.

சாயங்காலம் ஓரத்துல ஒரு கட்டம் மங்குச்சு. அப்புறம் பக்கத்துது. அடுத்த நிலை வந்து ஒவ்வொண்ணா முழுங்குது. படம் எடுத்தேன். நீலம் நிலைக்கல. அழுதேன். பாத்ரூம்ல, குழாயைத் திறந்து விட்டுட்டு.

அக். 6, திங்கள்
சார்கிட்ட சொன்னேன். முகம் மாறல. கான்பரன்ஸுக்கு "நிலையான நீல நிலை"ன்னு ஏற்கெனவே அனுப்பிட்டாராம்! கேக்காம கொள்ளாம, என் பேரையும் போட்டு.

"பூஜையன்னிக்கு வச்சியே, அது என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்கதான் மெயினை..."

"கடைசி வரைக்கும் நின்னுச்சுல்ல? அதைப் போடு."

கடைசியாம்! இவர் அணைச்சதுதான் கடைசியா?

"நின்னது கரண்ட் சார்." வாயில வந்துடுச்சு. பக்கத்து டேபிள்ல யாரோ சிரிச்சாங்க.

"அப்ப உன் தீசிஸ் சினாப்சிஸ்ல யார் கையெழுத்துப் போடறாங்கன்னு பார்ப்போம்."

பார்ப்போம். கைடு கையெழுத்து இல்லேன்னா தீசிஸைக் கொடுக்க முடியாது, தெரியும். என் பேரை எடுக்கச் சொல்லி கான்பரன்ஸுக்கு மெயில் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை எடுத்த படமும் சேர்த்து. அவருக்கும் ஒரு காப்பி. சினாப்சிஸ் அவர் மேசையில கிடக்கு, கையெழுத்து இல்லாம.